நன்மை நேரத்து ஓபோ

ஞாயிறு காலையில் நான் பால் தேத்தண்ணி குடிப்பதில்லை. தொண்டையில் சளி கட்டும், கிளாரினெற் ஊத முடியாது. தலைமன்னாரில் எங்கள் மாதா கோயிலில், பூசையில் சனம் நன்மை அப்பம் வாங்கிவந்து முழந்தாளிட்டதும் ஒரு அமைதி வரும். பதினெட்டு வருசமாக அந்த அமைதியில் தனியாக வாசித்தவன் நான்.

தொண்ணூறில், சண்டை மறுபடி தொடங்கியபோது, லோறன்ஸ் மனைவி செலீனாவோடு இடம்பெயர்ந்து வந்தான். கையில் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் ஓபோ. கிளாரினெற்றைவிட மெல்லிய குழல். விம்முகிற மாதிரி ஒரு சத்தம். அவனுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கோ.

அடுத்த வருசம் கோயில் திருநாளுக்கு முன் பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார்.

"அருளப்பன், இந்தமுறை நன்மை நேரம் லோறன்ஸ் வாசிக்கட்டும். நீங்கள் ஆறுதலா இருந்து கேளுங்கோ."

"ஓம் சுவாமி" என்றேன்.

திருநாளன்று நாலு நிமிசம் வாசித்திருப்பான். நான் என் மனைவி அன்ரோனெற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயைப் புதைத்த அன்றும் அழாதவள். கண்ணீர் வழிந்து முக்காட்டு நுனி நனைந்திருந்தது. மத்தியானம் சோறு போடும்போது சொன்னாள்: "இவ்வளவு காலமும் நாங்கள் வாசிப்பெண்டு ஒண்டைக் கேக்கவேயில்லை என்ன." நோகச் சொல்லவில்லை. நானும் ஓம் என்றேன்.

பத்து நாளில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது. ஆம்பிளையள் எல்லாரையும் வெயிலில் இருத்திவிட்டு, என்னை ஒரு அறைக்குள் கூட்டிப்போய், கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்த சாக்கைத் தலையில் போட்டார்கள். கதிரையில் இருக்க வேண்டும். இயக்கத்து ஆள் என்று நான் தலையாட்டினால் ஆள் உள்ளே, ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. அவர்கள் என்னை அடிக்கவில்லை. யாரையாவது காட்டியே ஆகவேண்டும் என்றும் சொல்லவில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். என் வலையை அறுத்தவன் வந்தான்; நான் அசையவில்லை. இயக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்த இரண்டு பேர் வந்தார்கள். எனக்குத் தெரியும். அசையவில்லை.

பிறகு லோறன்ஸ் வந்தான். குனிந்து நடந்தவன் என் செருப்பைக் கண்டு ஆளை அறிந்துகொண்டான். முகம் தெளிந்தது. தெரிந்த மனிசன், இனிப் பயமில்லை என்கிற மாதிரி லேசாகச் சிரித்தான்.

நான் தலையாட்டினேன். ஒருமுறைதான்.

செலீனா ஓடிவந்தாள். "அண்ணை, நீங்கள் வந்து சொன்னா விடுவாங்கள்." அவளோடு மூன்று தரம் முகாம் வாசலில் போய் நின்றேன். அப்படி ஒருவரையும் தாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். கடைசியில் அவள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனாள். போகும்போது பெட்டியை என்னிடம் தந்தாள். "அவர் வந்தா குடுங்கோ. அதுவரைக்கும் நீங்கள் வாசியுங்கோ."

அதில் எனக்கு ஒரு சுரமும் ஒழுங்காக வரவில்லை. ஊதுகிற முனையில் செருகும் நாணல் சீவாளி வெடித்துப்போயிருந்தது. அதைச் சீவத் தெரிந்தவன் இங்கே அவன் ஒருவன்தான். இருந்த ஒரு வருசத்தில் எனக்கு ஒன்றாவது சீவித் தந்திருக்கலாம். தரவில்லை. அவ்வளவு பொறாமை அவனுக்கு.