ஒட்டிப்போன கேன்வாஸ்

டெய்லர்: ...கட்டி இல்லைன்னா அப்புறம் ஏன் வயிறு வீங்குது?

மனைவி: அதாங்க எனக்கும் விளங்கல. என்கூட பேக்கிங்ல வேலை பாக்குறாளே, அவளோட ஸ்கேன் பேப்பர் இது. பேரே வாயில நுழைய மாட்டேங்குது. அடினோ... அடினோமயோசிஸ்.

டெய்லர்: அவளுக்கு ஸ்கேன்னா நீ ஏன் மத்தியானம் சாப்பிடல?

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. நீங்ககூடத்தான் மேல் டிராயரைப் பூட்டியே வெச்சிருக்கீங்க, நான் கேட்டேனா?

டெய்லர்: அது... ஊசி, கத்திரி. நீ சொல்லு.

மனைவி: கருப்பைக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்காம். மாசாமாசம் அதுதான் ரத்தத்தோட வெளியேறுதாம்.

டெய்லர்: கோட்டுக்கு லைனிங் மாதிரி.

மனைவி: ஆங்! அந்த லைனிங் இவளுக்கு வெளித்துணிக்குள்ளயே வளர்ந்துடுச்சாம். தசைக்குள்ள. அதெப்படிங்க?

டெய்லர்: இந்தக் காலரைப் பிடி. உள்ள கேன்வாஸ் இருக்கு, இஸ்திரி போட்டு ஒட்டினது. பிரி பாப்போம்.

மனைவி: வரலையே... துணி கிழிஞ்சிடும் போல.

டெய்லர்: அதான். கட்டிங்கிறது பொத்தான், நூலை அறுத்து எடுத்துடலாம். இது ஒட்டிப்போன கேன்வாஸ். எதை எடுக்க, எதை விட?

மனைவி: அப்போ மாசாமாசம் அந்தத் தசைக்குள்ளேயே ரத்தம்...

டெய்லர்: கசியும். வெளிய வர வழி ஏது? சுவர் தடிக்கும், வீங்கும். வலி வேற.

மனைவி: உயிர் போயிடுதுங்க... அவளுக்கு.

டெய்லர்: ம்... அவளுக்கு. கேன்சர் கீன்சர் இல்லையே?

மனைவி: இல்லவே இல்லையாம். ஸ்கேன்லயே சுவர் தடிப்பு தெரிஞ்சுது. சந்தேகத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க, அதுலயும் இதேதான்.

டெய்லர்: வைத்தியம்?

மனைவி: அங்கதான் தலை சுத்துது. வலிக்கும் ரத்தப்போக்குக்கும் மாத்திரை இருக்கு. அவளுக்கு அது கேக்கல. கருப்பைக்குள்ள ஒரு சின்ன ஹார்மோன் லூப் வைக்கலாமாம். அது இருக்கிறவரை குழந்தை தங்காது, வேணுங்கிறப்போ எடுத்துடலாம். அடியோட தீரணும்னா...

டெய்லர்: கருப்பையையே எடுக்கணும்.

மனைவி: நாளைக்கு டாக்டர்கிட்ட எதுன்னு சொல்லணும். எடுத்துடுங்கன்னு சொல்லிடலாமான்னு பாக்குறா. உடனே வேணாங்கறா. நிமிஷத்துக்கு ஒண்ணு பேசுறா.

டெய்லர்: அவ வீட்டுக்காரர் என்ன சொல்றார்?

மனைவி: அவருக்குத் தெரியாது. குழந்தைன்னா அவருக்கு உசுரு. எந்த வாயால சொல்லுவா?

டெய்லர்: பொண்டாட்டி சுருண்டு கிடக்கிறது கண்ணுல படலையா? லூசா அந்த ஆளு?

மனைவி: அவரை ஒண்ணும் சொல்லாதீங்க! மறைச்சு வெச்சா மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

டெய்லர்: வலியை மறைக்கலாம்மா, இடுப்பளவை மறைக்க முடியாது. உன் யூனிஃபார்ம் பேன்ட்டை ரெண்டு தடவை பிரிச்சு, சத்தமில்லாம அரை அரை இஞ்ச் விட்டவன் நான்தான். விசேஷம்னு தப்பா நினைச்சுட்டேன். நீயே சொல்லட்டும்னு காத்துக்கிட்டு... அந்த டிராயர்ல ஒரு குட்டிச் சட்டை கிடக்கு. கிடக்கட்டும். நாளைக்குக் கடை லீவு, நானும் வர்றேன். எது வேணும்னாலும் நீ சொல்லு. அவளுக்குன்னு சொல்லாம, எனக்குன்னு சொல்லு.