ரூலோஃப் வேண்டாம் என்று எறிந்த கிழங்கு

டியூலிப் கிழங்கு வாங்கப் போனால் எல்லோரும் முதலில் நிறத்தைக் கேட்பார்கள். நான் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். வேர் விடுகிற இடம் அது. அங்கே கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்த வேண்டும். கல் மாதிரி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். விரல் உள்ளே போனால் வேண்டாம். கையில் தூக்கினால் கனம் தெரிய வேண்டும். பூஞ்சை இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இதைச் சொல்லவா இந்த நேரத்தில் கூப்பிட்டாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றி. இந்த உதவி எண்ணில் பிள்ளைகளிடம் பெயர் கேட்க மாட்டார்கள் என்று பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எனக்குப் பதினாறு வயது. சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து பேசுகிறேன். குரல் நடுங்குகிறது என்றால் குளிர்தான் காரணம்.

எங்கள் தெருவில் யாரும் தனியாகக் கிழங்கு வாங்குவதில்லை. செப்டம்பரில் தெருவே சைக்கிளில் கிளம்பி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் கிழங்கு வியாபாரி ரூலோஃபின் கிட்டங்கிக்குப் போகும். எல்லோருக்காகவும் ஒரே ஒருவர்தான் அழுத்திப் பார்ப்பார். அந்தப் பதவிக்குக் கட்டைவிரல் என்று பெயர். கூட்டம் போட்டு, கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அது நான்தான். எனக்குக் கணக்கு வராது. பனியில் சறுக்கப் போனால் விழுவேன். ஆனால் பெரியவர்கள் என்னைத் தெருவில் நிறுத்தி, என் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரிப்பார்கள்.

போன செப்டம்பரில் நான் ஒரு கிழங்கை எடுத்துக் கூடையில் போட்டேன். ரூலோஃப் அதை வெளியே எடுத்தார்.

"இது வேண்டாம் கண்ணு. அடி மெத்துனு இருக்கு. இதை வித்தா எனக்குத் தூக்கம் வராது."

கழித்துப்போட்ட கிழங்குகள் கிடந்த வாளியில் அதை எறிந்தார். கோபமே இல்லாமல் சொன்னார். சிரித்தது மற்றவர்கள்தான்.

"பாவம், விரல்ல ரேகை தேஞ்சு போச்சு போல" என்றார் எதிர்வீட்டு ஹாவர்காம்ப் ஆன்ட்டி.

"அடுத்த வருஷம் பெருவிரலை நிறுத்திப் பாக்கலாம்" என்றார் அவர் கணவர். "கால்ல இருக்கிறதைச் சொல்றேன்."

என் அம்மாவும் சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் விரல் உள்ளே போகவில்லை. போயிருந்தாலும் மிகக் கொஞ்சம்தான். எல்லோரும் காப்பி குடிக்கப் போனதும் வாளியிலிருந்து அந்தக் கிழங்கை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாங்கிய கிழங்குகளை உடனே நட மாட்டோம். மண் குளிர வேண்டும். அதுவரை ஹாவர்காம்ப் ஆன்ட்டியின் கொட்டகையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். சாவி கட்டைவிரலிடம். பூஞ்சை வருகிறதா என்று நான் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தேன். கூடவே, நன்றாகப் பழுத்த ஆப்பிள்களையும் தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். காற்றுப் போகும் சன்னலைச் சாத்தினேன்.

கிழங்குக்குப் பக்கத்தில் ஆப்பிள் வைக்கக் கூடாது என்று இங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். பழம் விடுகிற மூச்சில் கிழங்குக்குள் இருக்கும் பூ செத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. அதே கனம், அதே கல் மாதிரி அடி. எவ்வளவு கெட்டிக்கார விரலாலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது.

என் கிழங்கு மட்டும் என் அறையின் சன்னலோரம், ஒரு சாக்ஸுக்குள், பத்திரமாக இருந்தது. வசந்தத்தில் அது பூக்கும், மற்றது எதுவும் பூக்காது, அப்போது எல்லோரும் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். யாரையும் நோகடிப்பது என் எண்ணம் இல்லை.

நடுவதற்கு முந்தின நாள் ஆப்பிள்களை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கேக் செய்தாள். நட்டு முடித்ததும் தெருவே நின்று சாப்பிட்டது. ரூலோஃபும் வந்திருந்தார். ஒரு துண்டு தின்றுவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொன்று கேட்டார்.

இப்போது ஏப்ரல். தெரு முழுக்க இலை. ஒரு பூ கூட இல்லை. ஹாவர்காம்ப் ஆன்ட்டி முட்டி போட்டு இலைகளை விலக்கிப் பார்த்தார். உள்ளே காகிதம் மாதிரி காய்ந்த ஒரு மொட்டு. அன்று மாலை எல்லா வீட்டிலும் திரையை இழுத்து மூடினார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூட அப்படிச் செய்வதில்லை.

ரூலோஃப் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொண்ணையும் நானும் அமுக்கிப் பாத்துத்தானே குடுத்தேன். தப்பா நினைக்காதீங்க, கொட்டகையில யாராவது ஆப்பிள் வெச்சீங்களா?"

அதன்பிறகு யாரும் அவரிடம் பேசவில்லை.

"என் வீட்டு வாசல்ல நின்னு என்னைப் பாத்து அந்தக் கேள்வி கேட்டுட்டாரே" என்று ஹாவர்காம்ப் ஆன்ட்டி அழுதார். "பெத்த பிள்ளைக்கு விஷம் வெச்சியான்னு கேட்ட மாதிரி."

அன்றிலிருந்து ரூலோஃப் தன் கிட்டங்கியிலேயே படுக்கிறார். தட்டுகளை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிறாராம்.

நாளைக்குக் கூட்டம். அவரிடம் இனி வாங்குவதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். நாங்கள் விட்டால் மற்ற தெருக்களும் விட்டுவிடும். கிட்டங்கியை விற்க வேண்டியதுதான் என்று அவரே சொல்லிவிட்டார். எல்லோரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். "நீ சொல்லும்மா, நீதானே கட்டைவிரல்" என்று ஹாவர்காம்ப் ஆன்ட்டி இன்றைக்கு என் பின்னலைத் தடவிக் கொடுத்துக் கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நம்புங்கள். அதற்கு முன்னால் என் கிழங்கைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் சன்னலுக்குக் கீழே நட்டிருந்தேன். இலைகூட விடவில்லை. சூப் கரண்டியால் தோண்டினேன். தோல் மட்டும் இருந்தது. உள்ளே கூழ். கரண்டியை மூன்று தடவை கழுவியும் நாற்றம் போகவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தக் கிழங்குக்குப் பக்கத்தில் ஆப்பிளே போனதில்லை. தெருவிலேயே நான் ஒன்றும் செய்யாத கிழங்கு அது ஒன்றுதான். அதுவும் ரூலோஃபின் கிட்டங்கியிலிருந்து வந்ததுதான். அதுவே இப்படி அழுகிப் போயிருக்கிறது. அதனால் நாளைக்கு எழுந்து நின்று, ரூலோஃபின் சரக்கு சரியில்லை என்று நான் சொன்னால், அதில் பொய் ஒன்றும் இல்லை.