டயர் படாத புல்

எனக்குச் செடிகொடி என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். எறும்பு வரிசையைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிறவன் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் தெருவை மாற்றி வடிவமைத்தவன் நான்தான். கார்களை வெளியேற்றினேன், தாரைப் பெயர்த்துப் புல் விரித்தேன், மரப்பெஞ்சுகள் போட்டேன். தெருமுனையில் ஓர் இரும்புத் தூண். அவசரம் என்றால் பூட்டைத் திறந்து அதைத் தரைக்குள் இறக்கலாம். சாவி என்னிடம். மாநகராட்சி மேடையில் என்னைத் தெருவுக்கு மூச்சு கொடுத்தவர் என்றார்கள். நான் மறுக்கவில்லை.

என் அண்ணன் கார் மெக்கானிக். தெரு நடுவில் பட்டறை, மாடியில் வீடு. கார் வராத தெருவில் அவனுக்குப் பிழைப்பு போனது எனக்கும் வருத்தம்தான். திறப்பு விழாவில் அத்தனை பேர் முன்னால் கேட்டான்: "ஏன்டா தம்பி, புல்லு சரி, மாடு எப்ப வரும்?" மேயர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் நானில்லை.

பசுமைத் தெரு விருதுக் குழு வரவிருந்த அன்று காலை அவனுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் தூணருகே வந்து நின்றது. முந்தின நாள்தான் புதுப்புல் பதித்துத் தண்ணீர் விட்டிருந்தோம். ஒரு சக்கரம் ஏறினால் போதும், பள்ளம் விழும். அண்ணி வெறுங்காலோடு ஓடி வந்தார். சாவியை ஆபீசில் வைத்துவிட்டேன் என்றேன். அது என் சட்டைப்பையில் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கி வரச் சொன்னேன். பெஞ்சுகளைச் சுற்றி வளைந்து வளைந்து வந்தார்கள். பெஞ்சுகளை அப்படி வளைவாகப் போட்டதைத்தான் குழு பிறகு தனியாகப் பாராட்டியது.

நானும் ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்த என் கையைப் பார்த்தான்.

"திறடா," என்றான்.

"இது நடக்கிறவங்க தெருண்ணா," என்றேன்.

தூணுக்கு வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. பக்கத்து வீட்டார் என்னைக் கொலைகாரன் என்கிறார்கள். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே? கூடப்பிறந்தவன் என்று சலுகை காட்டியிருந்தால் இவர்களே சும்மா விட்டிருப்பார்களா?

அன்று பிற்பகல் தூணை இறக்கினேன் என்பதும் உண்மைதான். குழுத் தலைவருக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் நடக்கவிடுவது மனிதத்தன்மை ஆகாது. பலகைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் அவர் காரை மெதுவாக உள்ளே விட்டோம். பலகைகள் காலையிலிருந்தே தூணருகில்தான் கிடந்தன. புல்லில் ஒரு கீறல்கூட இல்லை. வேண்டுமானால் வந்து பாருங்கள்.