சத்தமில்லாத ஒரு நிமிடம்

ஆவணப்படம் எடுப்பவனுக்கு முதலில் வேண்டியது நல்ல செருப்பு. கேமரா அப்புறம்தான். வகுப்பெடுக்கப் போகும் இடங்களில் எல்லாம் இதைச் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் நிவாரண முகாமில் பளபளக்கிற ஷூவோடு போய் நின்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் எதையும் கேட்கக் கூடாது. கொடுக்கிற டீயைக் குடிக்க வேண்டும், சர்க்கரை எவ்வளவு அதிகமாக இருந்தாலும். இங்கே ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த டீ சரியான சூட்டில் இருந்தது, மேடம். அதற்கு நன்றி.

நடந்ததை என் கைப்படத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். அது எனக்கும் வசதி. பேசினால் நான் கொஞ்சம் சுற்றி வளைப்பேன்.

என் பெயர் சுதர்சன். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் எங்களுக்கு ஜவுளிக்கடை. இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் துணி கிழிக்க லாயக்கில்லை என்று வீட்டில் சீக்கிரமே கைகழுவிவிட்டார்கள். கடல் பொங்கி வீடிழந்தவர்கள், கலவரத்தில் வீடிழந்தவர்கள், அணைக்காக வீடிழந்தவர்கள் என்று மூன்று படங்கள் எடுத்திருக்கிறேன். மூன்றும் வெளிநாடு போய்ப் பரிசோடு திரும்பின. அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "எப்பப் பாத்தாலும் எழவு வூட்டுக்கே போய்கினு இருக்கியே, ஒரு கல்யாணத்த எடுக்கக் கூடாதாடா" என்பாள். கல்யாணத்தில் யாரும் உண்மையாக இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

நான்காவது படத்தைச் சொந்த ஊரில் எடுக்க வந்தேன். நீங்கள் தங்க வயலுக்குப் புதிது என்பதால் சொல்கிறேன். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், அதாவது லைன்களில், அவர்கள் பிள்ளைகள் இன்னும் குடியிருக்கிறார்கள். விடியும் முன் ரயிலேறிப் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். இங்கே பாலகாட் பகுதியில் ஒரு லைனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டின் பட்டா யாரிடமும் இல்லை. படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

லைன் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தேன். சம்பங்கி, அவர் மனைவி சரோஜம்மா, நர்சிங் படிக்கிற மகள் ஷோபா. அவர்கள் வீட்டுக்குக் காலையில் நல்ல வெளிச்சம் வரும். சரோஜம்மா கேமரா இருப்பதையே மறந்துவிட்டுப் பேசுவார். இந்த வரம் நூறு பேரில் ஒருவருக்குத்தான் வாய்க்கும்.

சிக்கல் சம்பங்கியிடம் இருந்தது. அவர் பெங்களூரில் ஒரு பெரிய மாலில் துப்புரவு சூப்பர்வைசர். அப்பா முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தவர். இவர் ஒரு நாள்கூட உள்ளே இறங்கியதில்லை. வீடு போகப் போகிறது, மகள் படிப்பு பணமில்லாமல் பாதியில் நின்றுவிடும் போலிருக்கிறது, மனிதர் சிரித்துக்கொண்டே இருப்பார். சோகமாக ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கடைசியில் அது ஒரு நகைச்சுவையில் போய் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரோடு உட்கார்ந்து, உபயோகிக்கிற மாதிரி ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிப் போச்சி உங்குளுது" என்றார். "நாங்க அழுதாதான் படம் ஓடுமா? சரோ, ஒரு வெங்காயம் எட்து வா, சாருக்காக அழுது குடுக்குறேன்."

"நீ சும்மா இரு. அவரு எவ்ளோ தூரம் வந்துகினு போய்கினு இருக்காரு" என்று சரோஜம்மா அதட்டினார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் என் படத்தை அவர் கெடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த மழை வந்தது. லைனுக்குப் பின்னால் இருந்த பூமி ஒரு விடியலில் வாய் பிளந்தது. அடியில் எப்போதோ தோண்டிவிட்டு மறந்துபோன சுரங்க வழி ஒன்று இருந்திருக்கிறது. சம்பங்கி ரயிலுக்குக் குறுக்கு வழியாகப் போகிறவர். குடையோடும் டிபனோடும் போனவர் அப்படியே உள்ளே போய்விட்டார். மூன்று தலைமுறையில் சுரங்கத்துக்குத் தப்பித்த ஒரே ஆள் அவர்தான் என்று லைனில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை அன்றோடு போயிற்று.

நானும் ஒளிப்பதிவாளர் அக்ஷயாவும் போலீசுக்கு முன்பே அங்கே போய்விட்டோம். அக்ஷயா இந்த ஊர்ப் பெண்தான், கெட்டிக்காரி. ஒலிப்பதிவை நான் என் படங்களில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. படத்தால் கண்ணை ஏமாற்றிவிடலாம், காதை ஏமாற்ற முடியாது.

மீட்புக் குழுவுக்குத் தலைவர் ராஜப்பா. நல்ல மனிதர், அவர் மேல் தயவுசெய்து எந்தக் குற்றமும் எழுதாதீர்கள். மறுநாள் சாயங்காலம் வரை கயிற்றிலும் கம்பியிலும் போராடினார். பெங்களூரிலிருந்து வர வேண்டிய கருவிகள் மழையில் வழியிலேயே மாட்டிக்கொண்டன. குழியின் ஓரம் சரிந்துகொண்டே வந்தது, கடைசி இரண்டு வீடுகளில் விரிசல் விழுந்தது. பள்ளத்தை மண் போட்டு நிரப்பாவிட்டால் லைனே உள்ளே போய்விடும் என்றார்கள். உள்ளே ஆள் உயிரோடு இருப்பதற்கு ஓர் அடையாளம் கிடைத்தால் பக்கவாட்டில் தோண்டிப் பார்க்கலாம், குழுவில் இருக்கும் பையன்களை இறக்கலாம் என்றார் ராஜப்பா. அடையாளம் இல்லாமல் அவர்கள் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

குழிக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் குழாய் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் சுரங்கத்துக்குள் காற்று அனுப்பியது. ராஜப்பா அதில் காதை வைத்துப் பார்த்திருந்தார். அவருக்கு மழைதான் கேட்டது. அப்போது என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தார்.

"சார், உங்க மைக்குல எறும்பு நடந்தாகூடக் கேக்குமாமே. அத பைப்புல வுட்டு ஸ்வல்ப கேட்டு சொல்லுங்க. நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். ராஜப்பா கையைத் தூக்கினார். லைன் ஜனம், டிவிக்காரர்கள், குடை பிடிக்க ஆள் வைத்திருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் அடங்கினார்கள். மழையும் அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் விட்டது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வோம். எடிட்டிங்கில் உதவும். அத்தனை பெரிய கூட்டம் அத்தனை சுத்தமாக நின்று நான் பார்த்ததில்லை.

இரண்டு முறை கேட்டேன். பிறகு ஹெட்போனைக் கழற்றினேன்.

"ஒண்ணும் கேக்கல."

சரோஜம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கேட்டீங்களா சார்?"

"நல்லா கேட்டேம்மா."

அவர் அப்போதுதான் அழுதார். அந்த ஷாட் படத்தில் இருக்கிறது. அக்ஷயா கொஞ்சமும் ஆடாமல் எடுத்திருந்தாள். காரில் திரும்பும்போது, "சார், ரெக்கார்டர்ல சவுண்ட் மீட்டர் ஆடுச்சே" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர் சொட்டுகிறது என்றேன். சின்னப் பெண், நம்பினாள்.

மறுநாள் காலை லாரிகளில் டம்ப் மண் வந்தது. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாகியிருக்கிறதே, அந்த மண். வெயில் வந்திருந்தது. ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து மண் பொன்னாகக் குழிக்குள் இறங்கியது. படத்தின் சுவரொட்டியே அந்தக் காட்சிதான்.

படம் வெளிவந்தபின் நடந்ததை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். காலி செய்யச் சொன்ன உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. லைனுக்குப் பட்டா கொடுப்பதாக மேடையில் அறிவித்தார்கள், சிலருக்குக் கொடுத்தும்விட்டார்கள். ஷோபாவின் படிப்புச் செலவை யாரோ ஏற்றுக்கொண்டார்கள். சம்பங்கி உயிரோடு வெளியே வந்திருந்தால் இதில் எது நடந்திருக்கும், மேடம்? மாலை போட்டுப் போட்டோ எடுத்திருப்பார்கள். அவர் டிவியில் ஒரு ஜோக் அடித்திருப்பார். அடுத்த மாதம் வீட்டை இடித்திருப்பார்கள். ஒரு பக்கம் ஒரு மனிதன், இன்னொரு பக்கம் ஒரு லைன் முழுக்க மனிதர்கள். அந்தக் குழாய் வாயில் நின்று இதைத்தான் எடை போட்டுப் பார்த்தேன். என் நிலையில் இருந்தால் நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

போன வாரம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைத் திரையிட்டோம். சொந்த ஜனம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மாகூட வந்திருந்தாள். சரோஜம்மாவை மேடையேற்றினேன். மைக்கைப் பிடித்து, "எங்க வூட்டுக்காரருக்காக இவருதான் ரெண்டு தபா கேட்டுப் பாத்தாரு. பெத்த புள்ள கூட அப்படிச் செய்யாது" என்றார். மண்டபமே கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை.

படத்தின் முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண் மூடியபின் திரை கறுப்பாகிவிடும். பெயர்கள் எதுவும் வராது. கறுப்பில் ஒரு சத்தம் மட்டும் கேட்கும். தூரத்தில் இரும்பில் ஏதோ தட்டுகிற மாதிரி, ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் ஒரு சின்ன நடுக்கத்தோடு. ஒரு விழாவில் நடுவர் ஒருவர் இது மண்ணின் இதயத்துடிப்பு என்று எழுதினார். இந்தச் சத்தத்தை எப்படி உருவாக்கினீர்கள் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அதை அழித்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. என்னால் முடியவில்லை. வாழ்நாளில் அப்படி ஒரு பதிவு ஒருமுறைதான் கிடைக்கும்.

விளக்குப் போட்டபின் ஜனம் எழுந்து போனது. சரோஜம்மா மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கடசில வந்த சத்தம் எப்ப எட்தது சார்?"

"அது சும்மா, ஸ்டூடியோல சேர்த்ததும்மா."

"இல்ல சார். அது எங்க டிபன் டப்பா. க்ளிப் ஒடஞ்சி போயி மூடி ஆடிகினே இருக்கும். டெய்லி காலைல நான்தான அத மூடுறேன்." அவர் சத்தம் போடவில்லை. "எப்ப எட்தது, சொல்லுங்க."

அக்ஷயா பின்னால் நின்று கேபிள் சுற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள்தான் அந்தப் பதிவு இருந்த ஹார்ட் டிஸ்கை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள் என்று அறிந்தேன். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆமாம், கேட்டது. முதல் நிமிடத்தின் பாதியிலேயே கேட்டது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. ஜெனரேட்டர் நின்றது அவருக்கும் கீழே தெரிந்திருக்க வேண்டும். மேலே யாரோ காது கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு தட்டியிருக்கிறார். எடை போட்டுப் பார்த்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதைத் திருத்திக்கொள்கிறேன். எடை போட்டதெல்லாம் வீட்டுக்குப் போய்க் குளித்தபின்தான். அந்த நேரத்தில் நான் ரெக்கார்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் சன்னமாக இருந்ததால் ஒலி அளவைக் கொஞ்சம் ஏற்றினேன். அப்போது கூட்டத்தில் யாரோ இருமிவிட்டார்கள், சரியாகத் தட்டின் மேலேயே.

நான் கையை உயர்த்தி, "இன்னும் ஒரு நிமிஷம். தயவுசெஞ்சி யாரும் இரும வேணாம்" என்றேன். கூட்டம் முழுவதும் என்னை நன்றியோடு பார்த்தது. சரோஜம்மா என் முழங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டாவது நிமிடத்தில் ஒருவரும் இருமவில்லை. சம்பங்கியும் நிறுத்தவில்லை. நிமிடம் முழுக்கத் தட்டினார், கடைசியில் வேகமாகத் தட்டினார். அதற்குப் பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். கோர்ட்டில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டும்போது செல்போன் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் நல்ல ஹெட்போன் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அந்த மனிதருக்கு அந்த மரியாதையையாவது நாம் செய்ய வேண்டும்.