அம்புக்குறி இல்லாத சுவர்

'அமைதி காக்கவும்' என்று உங்கள் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கிறீர்களே ஐயா, அந்தத் தாளே கத்துகிறது. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, போதாக்குறைக்கு மூன்று ஆச்சரியக்குறி. செய்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் வாரிப் போட்டிருக்கிறார், பாவம்.

என் பாணி வேறு. யாரிடம் கற்றேன் என்று கேட்டீர்கள். அம்மாவிடம்தான். எங்கள் வீட்டில் சுவிட்சுப் பலகைக்குத் திரை, தொலைபேசிக்கு உறை, குப்பைக்கூடைக்குப் பாவாடை. வந்த விருந்தாளி கழிவறை எங்கே என்று தெரியாமல் நெளிவார். அம்மா அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்பாள். "கண்ணுல படுறது எல்லாமே அழுக்குதான்டா" என்பாள். பிறகு வடிவமைப்புக் கல்லூரியில் இதையே வருடக்கணக்கில் சொல்லித் தந்தார்கள். அம்மா ஒரே வரியில் முடித்திருந்தாள்.

நீங்கள் கேட்கும் அந்த அரங்கத்தின் சின்னம், பெயர்ப்பலகை, டிக்கெட், உள்ளே இருக்கும் ஒவ்வோர் எழுத்தும் என் கைவண்ணம். சுவர்களுக்கு மழை வரப்போகும் வானத்தின் சாம்பல் நிறம் கொடுத்தேன். உட்கார்ந்தாலே மனசு அடங்கும். அதில் இரண்டு பக்கக் கதவுகளுக்கு மேலும் பச்சையாக எரியும் பெட்டி, 'வெளியேறும் வழி' என்று. அழகாகச் சிரிப்பவளின் பல்லிடுக்கில் கீரை மாதிரி.

நான் அந்தச் சொற்களைச் சுவரின் நிறத்திலேயே புடைப்பெழுத்தாக, தோள் உயரத்தில், கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவுக்குக் கைப்பிடி கிடையாது. சுவரோடு சுவராக நிற்கும், தள்ளினால் திறக்கும்.

அரங்கத்தின் எலக்ட்ரீசியன் என் அக்காவின் கணவர். வலது ஆள்காட்டி விரலின் மேல்கணுவை என்றோ ஒரு இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டவர். மிச்சமிருந்த விரலால் என் எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"மாப்ள, இது எழுத்தா, சுவருக்கு வந்த கொப்புளமா?"

"பக்கத்துலேருந்து வெளிச்சம் விழுந்தா பிரமாதமாத் தெரியும் மாமா."

"கரண்டு போனா?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

சிரித்தார். "சரிடா, ஒரு அம்பாவது போடு. கதவு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு எவனுக்குத் தெரியும்?"

கேள்வி நியாயமானதுதான். ஒரு சுவரில் எழுத்துக்கு வலப்பக்கம் கதவு, எதிர்ச்சுவரில் இடப்பக்கம். மற்றபடி இரண்டும் அச்சு அசல். கண்ணைக் கட்டிவிட்டால் எந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று கட்டிய கொத்தனாருக்கே தெரியாது. அவ்வளவு துல்லியம். அம்பு போடுவது, படிக்கிறவனின் தலையைப் பிடித்துத் திருப்புகிற வேலை. நான் மனிதர்களை மதிக்கிறவன்.

சோதனை அதிகாரிகள் வந்த அன்று பச்சைப் பெட்டிகள் எரிந்தன. அவர்கள் கையெழுத்துப் போட்டுப் போனதும் ஏணி போட்டுக் கழற்றினேன். மாமா மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினேன். திரும்பவும் மாட்டினார். இந்தத் தடவை கழற்றி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன். "சொந்தக்காரன்னு பாக்குறேன், இல்லேன்னா மேல சொல்லியிருப்பேன்" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று என் படுக்கையறை வாசலுக்கு மேல் இருந்ததை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்களாம். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. விளையாட்டாக மாட்டியது. ஆனால் கரண்டு போனாலும் எரிகிறது, எதிலும் இடித்துக்கொள்ளாமல் போகலாம். நல்ல சாதனம்.

நடனப் பள்ளியின் ஆண்டு விழாவன்று பிற்பகலில் மேடைத் திரைக்குப் பின்னால் தீப்பிடித்தது. விளக்குகள் அணைந்தன. சுவர் எது புகை எது என்றே தெரியவில்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். நிறத்தில் நான் தவறவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மாமா கையில் கிடைத்தவர்களைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். மறுபடி உள்ளே போனார். மறுபடியும் போனார். கடைசித் தடவை போனவர் வரவில்லை. மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும், திருப்பிச் சொல்வது வெறும் அலங்காரம்.

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "ஒரு அம்பு போட்டிருந்தா என்னடா குறைஞ்சு போயிருக்கும்?"

சமச்சீர் குறைந்திருக்கும். அவள் அழுதுகொண்டிருந்ததால் சொல்லவில்லை. எனக்கும் இங்கிதம் தெரியும்.

நேற்று என்னை அங்கே கூட்டிப்போனீர்கள். கரி படிந்த சுவரைக் காட்டினால் உடைந்து போவேன் என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. நான் சுவரை நிதானமாகப் பார்த்தேன், ஐயா. எல்லாப் பக்கமும் கைத்தடங்கள். அவற்றில் ஒன்றில் ஆள்காட்டி விரல் குட்டை. அந்தத் தடம் என் முதல் எழுத்தில் தொடங்குகிறது. ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று தடவி, கடைசி எழுத்துவரை போகிறது. அங்கிருந்து வலப்பக்கம் ஒரு முழத்தில் கதவு. தடம் இடப்பக்கம் திரும்பிவிட்டது.

பெட்டிகளைக் கழற்றியது நான். திரும்ப மாட்டவிடாமல் செய்தது நான். அம்பு வேண்டாம் என்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எழுத்து தெரியவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த இருட்டிலும் ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார். இடப்பக்கம் திரும்பியது அவருடைய முடிவு.