உழவு மெசின் சிவநேசனின் மனைவி

ஷெல் குத்துகிற சத்தம் கேட்கிறது. களப்புத் தண்ணீருக்கு அப்பாலிருந்து. டும். டும். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் பயம்.

"குப்புறப் படுங்கோ! பிள்ளையைக் கீழ இழுங்கோ!"

பக்கத்துப் பங்கர்க் குழிக்குள் ஆரோ கத்துகிறார்கள். துளசியை எனக்குக் கீழே அமுக்குகிறேன். அவளுக்கு ஆறு வயது. மகன் என் அம்மாவின் மடியில். அவனுக்கு மூன்று. ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மண்தான் வந்தது.

2009 ஏப்ரல். வலைஞர்மடம். கடற்கரை மணல். வெட்ட வெட்டச் சரிகிற மணல். உரப்பை கிடைக்காமல் சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கியிருந்தோம். என் கூறைச் சேலையும் அதில் ஒன்று. அத்தனையும் எங்களுக்கு மேலே விழுந்து கிடக்கிறது.

வாய்க்குள் மண். மூக்குக்குள் மண். கண் திறக்க முடியவில்லை. ஒரு கை மட்டும் அசைகிறது. துளசியின் மூச்சு என் வயிற்றில் சூடாகப் படுகிறது. அம்மாவின் சத்தமில்லை. மகன் அழுகிறான். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கையை நீட்டினேன். மண்தான் இருந்தது. அழுகிறான். பிறகு அழவில்லை.

மேலே விறாண்டுகிற சத்தம். மண்வெட்டி இல்லை. மண்வெட்டி போட்டால் தலையில் படும் என்று தெரிந்த ஆள். வெறும் கையால் கிண்டுகிறார். என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். "கலா! கலா! சத்தம் போடு!"

அது என் கணவர். சிவநேசன்.

அவர் உழவு மெசின் ஓட்டினவர். கிளிநொச்சிப் பக்கம் எல்லா வயலுக்கும் போவார். உழவு மெசின் சிவநேசன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சண்டைக்காரர் இல்லை. அந்த மாசி மாதம் தண்ணீருக்கு வரிசையில் நின்ற இடத்தில் இயக்கம் ஆள் பிடித்தது. அவரையும் ஏற்றினார்கள். நான் வாகனத்துக்குப் பின்னால் ஓடினேன். சில நாள் பயிற்சி. பிறகு சண்டை நடக்கிற மண் அணைக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னால் ஆமி. பின்னால் இயக்கம். இடது பக்கம் கடல். வலது பக்கம் களப்பு. அவருக்கும் போக இடமில்லை. எங்களுக்கும் இல்லை.

எங்கள் பக்கம் ஷெல் விழுகிறது என்று கேள்விப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அணையிலிருந்து ஓடி வந்திருக்கிறார். என்னையும் துளசியையும் உயிரோடு எடுத்தார். மற்ற இரண்டு பேரையும் எடுத்தார். மகனை மடியில் வைத்து மூக்குக்குள் இருந்த மண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எடுத்த குழியிலேயே இருவரையும் வைத்து மூடினோம். வேறு குழி வெட்ட நேரமில்லை. அடுத்த குத்து கேட்டது.

"ஓடு! துளசியைத் தூக்கிக்கொண்டு ஓடு! நான் வாறன்!"

ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். அவர் அணைப் பக்கம் போனார். போகாவிட்டால் இயக்கத்தார் தேடி வருவார்கள். பிடித்தால் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். நான் கடைசியாகக் கண்டது அவருடைய முதுகு.

மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் வந்தோம். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீரில் பிணம். துளசியின் கண்ணைப் பொத்தினேன். அப்பால் ஒலிபெருக்கி. இயக்கத்தில் ஒரு நாள் இருந்தாலும் பதிய வேண்டும் என்று ஆமிக்காரர் தமிழில் சொல்கிறார்கள். ஒரு பக்கத்தில் பஸ்கள் நிற்கின்றன. ஆண்கள் ஏறுகிறார்கள். அந்தப் பஸ்களில் அவர் இருந்தாரா? இருந்திருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தால்தான் நடக்க முடிந்தது. பிறகு முகாம். முள்வேலி. விசாரணை. பிறகு இந்தியா. அங்கிருந்து அகதி விசாவில் சிட்னி. கணவர் இருக்கிறாரா என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியாது என்றேன். எல்லா இடத்திலும் அதே பதில்.

இப்போது வெஸ்ட்மீட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு யூனிற், சின்ன அடுக்குமாடி வீடு. ஹெலிகொப்டர் நோயாளியைக் கொண்டு வரும். உயிர் காக்கத்தான் வருகிறது. எனக்குத் தெரியும். ஆனாலும் அது இறங்கி முடியும் வரைக்கும் குசினிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன். துளசி பார்த்துக்கொண்டு நிற்பாள். "Mum, it's gone," என்பாள்.

நான் விதவையா? அதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. பொட்டை அழிக்கவில்லை. கார்த்திகை மாதம் இங்கே மண்டபத்தில் மாவீரர் நினைவு நாள் செய்வார்கள். படங்களை வரிசையாக வைத்து விளக்குக் கொளுத்துவார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு தம்பி மரியாதையாக வந்து கேட்பார். "அக்கா, அண்ணையின்ர படத்தைத் தாங்கோவன்." நான் கொடுக்கவில்லை. "அவர் சாகேல்லைத் தம்பி" என்பேன். கிளிநொச்சியில் மாமி, அவருடைய தாய், அதே படத்தைப் பிடித்துக்கொண்டு றோட்டோரக் கொட்டிலில் காணாமல்போனவர்களின் தாய்மாரோடு இருக்கிறா. வெயிலிலும் மழையிலும். என்ர பிள்ளை எங்கே என்று கேட்டபடி. நான் இங்கே படத்தை விளக்குக்கு முன்னால் வைத்தால் அங்கே மாமி எதைப் பிடிப்பா?

வேலை ஒரு கிளப்பில். முன்னாள் படைவீரர்களின் கிளப். குசினியில் வெட்டிக் கொடுப்பேன், தட்டுக் கழுவுவேன். அங்கே பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு வழக்கம். விளக்குகள் மங்கும். காசு போட்டு விளையாடுகிற மெசின்கள் சத்தமில்லாமல் போகும். ஊதுகுழல் இசை கேட்கும். சாப்பிடுகிறவர்கள் கரண்டியை வைத்துவிட்டு எழும்பி நிற்பார்கள். போரில் செத்தவர்களுக்காக. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஆரும் சொல்லவில்லை. வெளிச்சம் போனது. நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். அதற்குப் பிறகு ஆறு மணிக்கு முன்னமே குளிர் அறைக்குள் போய் நின்றுகொள்வேன். அந்தச் சனத்தில் எனக்குப் பொறாமையும் இருந்தது. அவர்களுடைய ஆண்கள் செத்துப்போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நாள் தெரியும். கல் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டிடமே எழும்பி நிற்கிறது.

ஒரு சனிக்கிழமை அந்தக் கிளப்பின் மண்டபத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பிறந்தநாள். எங்கள் சனம் இந்த மண்டபங்களைத்தான் எடுப்பார்கள். எனக்கு வேலை கூட. நேரம் பார்க்கவில்லை. ரோல்ஸ் தட்டோடு மண்டபத்துக்குள் நிற்கிறேன். விளக்கு மங்கியது.

"குப்புறப் படு! படு!"

ஓர் ஆண் குரல். தமிழ். தட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. நான் தரையில். கன்னம் கம்பளத்தில். எதிர் மேசைக்குக் கீழே ஒருவர் என்னைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். இடது கை தோளோடு இல்லை. வலது கையால் தலையை மூடியிருக்கிறார். எங்களைச் சுற்றி எல்லோருடைய கால்களும் நேராக நிற்கின்றன. ஊதுகுழல் முடியும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே கிடந்தோம்.

வெளிச்சம் வந்தது. சிலர் சிரித்தார்கள். வெளி ஹோலில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி உள்ளே வந்தார். வியட்நாம் சண்டையில் இருந்தவர், அது எனக்குத் தெரியும். மெதுவாக முழங்காலில் இறங்கினார். அந்த மனிதரின் முதுகில் கை வைத்தார். லைற்றுத்தான், ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு கேட்டார், நீ எங்கே படையில் இருந்தாய்?

அந்த மனிதருக்குக் கேள்வி விளங்கியது. முகம் கல்லாகியது. அவர் இயக்கம் என்று பதில் சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

"He is my brother," என்றேன் நான். "He is only scared."

கிழவர் இரண்டு பேரையும் பார்த்தார். தலையை ஆட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை.

அவரைக் குசினிக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகள் இருக்கிற பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு கதிரையில் இருத்தினேன். பால் விடாத பிளேன்ரீ கொடுத்தேன்.

"அக்கா எவடம்?"

"கிளிநொச்சி. கடைசியா வலைஞர்மடம். தம்பி?"

"நானும் அங்கதான் நிண்டனான். குணம் எண்டு சொல்லுவினம்." ஒரு மிடறு குடித்தார். "அக்கான்ர அவர்?"

"உழவு மெசின் சிவநேசன்."

கோப்பையை நிலத்தில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"கலாக்காவோ?"

நான் ஓம் என்றேன். சொன்னேனா, நினைத்தேனா, தெரியாது.

"அண்ணை உங்களைத் தோண்டி எடுத்துப்போட்டு வந்தவர். கையில நகமில்லை, அக்கா. ரத்தம். துவக்கைப் பிடிக்க ஏலாது. நான் சாறத்தைக் கிழிச்சுச் சுத்தி விட்டனான். உங்கட பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர். விடியக்காலம அணைக்கு மேல ஷெல் விழுந்தது. அண்ணையை நான்தான் என்ர சாறத்தால மூடி மண்ணுக்குள்ள தாட்டனான். தாழம்பற்றைக்குப் பக்கத்தில. அப்ப எனக்கு ரெண்டு கையும் இருந்தது."

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"ஆரிட்டச் சொல்லுறது? உங்களை எங்க தேடுறது? ஆமி என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், அக்கா. புனர்வாழ்வு எண்டு வைச்சிருந்தவங்கள். பிறகு கடலால போட்டில வந்தனான். இன்னும் தற்காலிக பிரிட்ஜிங் விசாதான். வாயைத் திறந்தா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு தமிழ்ச் சனம் கூடுற இடத்துக்கே போறேல்லை. இண்டைக்கு மச்சாள் தன்ர பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு வரச் சொல்லி அழுதவ எண்டு வந்தனான்."

அந்தப் பஸ்களில் அவர் ஏறவே இல்லை. நான் பாலத்தால் நடந்தபோது அவர் மண்ணுக்குள் இருந்தார். முகாமில் நான் ஒவ்வொரு ஆண் முகமாகத் தேடியபோதும் மண்ணுக்குள்தான் இருந்தார். அவர் இருக்கிறார் என்று மனதுக்குள் நான் பூட்டிக்கொண்டு இருந்த அறைக்குள் இவ்வளவு காலமும் ஆருமில்லை. வெளியே வர எனக்குத் தெரியவில்லை.

துளசிக்கு அன்றைக்கே சொன்னேன். அவளுக்குத் தகப்பனின் முகம் நினைவில்லை. மணலை விலக்கிய கை மட்டும் நினைவிருக்கிறது என்றாள். தமிழில் சொன்னாள்.

மாமிக்குச் சொல்லத்தான் பயந்தேன். நாலு தரம் போனை எடுத்து வைத்தேன். கடைசியில் சொன்னேன். மறுமுனையில் றோட்டுச் சத்தம். ஒரு லொறி போனது.

"கண்ணால கண்டதோ அந்தப் பெடியன்?"

"ஓம் மாமி. அவர்தான் தாட்டவர்."

"துணி ஏதும் போட்டு மூடினதோ?"

"தன்ர சாறத்தால."

மாமி அழுதா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மூக்கைச் சீறினா. "சரி பிள்ளை. என்ர பிள்ளைக்கு ஒரு ஆள் பக்கத்தில இருந்திருக்கு. நாளைக்கும் நான் கொட்டிலுக்குப் போவன்."

"ஏன் மாமி? இனி எதுக்கு?"

"மற்றவையின்ர பிள்ளையளுக்குப் பதில் வரேல்லையே. நடக்க ஏலாதவளவை எத்தினை பேர் இருக்கிறாளவை. அவளவையின்ர படத்தைப் பிடிக்க ஆள் வேணும்."

அந்தக் கார்த்திகையில் படத்தைக் கொடுத்தேன். பெயருக்கு முன்னால் ஒரு பதவி போடலாம் என்று அந்தத் தம்பி சொன்னார். வேண்டாம் என்றேன். அவரைக் கேளாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள், பட்டமும் கேளாமல் கொடுக்க வேண்டாம் என்றேன். உழவு மெசின் ஓட்டினவர் என்று எழுதச் சொன்னேன். தம்பிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதினார்.

குணத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. அவருக்குத் தேவை மேடை இல்லை. நித்திரை. தோளுக்குள் இன்னும் இரும்புத் துண்டு இருக்கிறது. பக்கத்து ஊரான தூங்காபியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் சின்ன அறையில் இருக்கிறார். என்னைப் போல இங்கே இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள். முறை வைத்துச் சாப்பாடு கொண்டு போகிறோம். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறோம். அவர் எங்கள் வீடுகளில் குழாய் திருத்துவார், ஒற்றைக் கையால். வியாழன் மத்தியானம் கிளப்புக்கு வருவார். அந்தக் கிழவர் அவருக்கு எதிரில் இருப்பார். பெரிதாகக் கதைப்பதில்லை. விசா இன்னும் வரவில்லை. கதவில் ஆரும் தட்டினால் குணம் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் இப்போது விதவை. அதைச் சொல்லலாம். இழந்ததையும் சொல்லலாம்.

ஒரு வீடு. முற்றத்தில் இரண்டு மாமரம். கடன் கட்டி முடித்த உழவு மெசின், தருமபுரத்தில் விட்டது. குணத்தின் இடது கை. துளசியின் வலது காதின் கேட்கும் சக்தி. என் அம்மா, பரமேஸ்வரி. என் கணவர், சிவநேசன். பக்கத்துப் பங்கரிலிருந்து எங்களைக் குப்புறப் படுக்கச் சொல்லிக் கத்திய பெண், பெயர் தெரியாது, அவவும் அன்றைக்கே.

என் மகன். அவன் பெயரை இவ்வளவு நேரமும் நான் எழுதவில்லை.

ஆதவன்.