மருதப்பனுக்குக் கட்டிய மணி

எங்கள் ஊர் வெயிலில் ஆண்டெனாவுக்கு ஒன்றும் ஆகாது, ஐயா. அதை இழுத்துக் கட்டிய நைலான் கயிறுதான் இற்றுப்போகும். சித்திரைக்குச் சித்திரை மாற்றிவிடுவேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு.

சங்கரன்கோவிலில் இருபத்தைந்து வருஷம் விசைத்தறி ஓட்டினேன். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. வீட்டிலும் பேச ஆளில்லை. அதனால்தான், வீட்டிலிருந்தே ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேசலாம் என்று, பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினேன்.

மருதப்பன் எங்கள் தெருக்காரர். செம்மறி மேய்ப்பவர், வலிப்பு உண்டு. அவர் மேய்க்கும் இளையரசனேந்தல் கரிசலில் செல்போன் எடுக்காது. அவர் மனைவி ராஜேஸ்வரி வந்து கேட்டாள் என்று, இடுப்பில் கட்ட ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் செய்து கொடுத்தேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லும். என் திரையில் புள்ளி விழும். நான் மாடியிலிருந்தே ஒரு வரி அனுப்பினால் போதும், சொன்னபடி மாறிக்கொள்ளும்.

“என்ன வே, நாங்க ஆட்டுக்கு மணி கட்டுவோம். நீரு எனக்கே கட்டிட்டீரே” என்று மருதப்பன் சிரித்தார். நல்ல மனுஷன்.

ராஜேஸ்வரி தினம் மத்தியானம் மாடிக்கு வருவாள். “அண்ணாச்சி, இவுக எங்கன நிக்காக?” என்பாள். காட்டுவேன். போய்விடுவாள். அதனால் இரண்டு நிமிஷத்தை இருபதாக்கினேன். அடுத்த புள்ளி விழும்வரை உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். பிறகு நாற்பதாக்கினேன். யாருக்கும் நஷ்டமில்லை.

போன மாதம் ஒருநாள், ஆட்டையெல்லாம் விற்றுவிட்டு அவர் வீட்டோடு இருக்கப் போகிறார் என்றாள். “இனி உங்களுக்கும் தொந்தரவு இல்ல அண்ணாச்சி.” தொந்தரவு என்று நான் சொன்னதே இல்லை.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை, அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் இளையரசனேந்தலில் ஒரே இடத்தில் விழுந்தன. ஆடு மேய்ப்பவர் நாற்பது நிமிஷம் ஓரிடத்தில் நிற்க மாட்டார். விழுந்துவிட்டார் என்று புரிந்தது. அந்த நேரம் ராஜேஸ்வரி, காலையில் அவர் மறந்து வைத்துப்போன மாத்திரை அட்டையோடு படியேறி வந்தாள். அவள் மேலே வருவதற்குள் ஒரு வரி அனுப்பினேன். இனி எங்கே இருந்தாலும் குருவிகுளம் குளக்கரை என்றே சொல்லச் சொல்லி. டிராக்கர் ‘சரி’ என்று பதில் தந்தது, திரையில் புள்ளி குளக்கரைக்கு மாறியது. அதைத்தான் அவளுக்குக் காட்டினேன்.

அவளும் கொழுந்தனும் பைக்கில் குருவிகுளம் போனார்கள். அங்கிருந்து போனில் கூப்பிட்டாள். “அண்ணாச்சி, இங்கன ஆடும் இல்ல, ஆளும் இல்லையே.”

“புள்ளி அங்கனதான் இருக்கும்மா. நல்லாப் பாரு” என்றேன். பொழுது அடையும்வரை மூன்றுமுறை கேட்டாள். மூன்றுமுறையும் பொறுமையாகச் சொன்னேன்.

மறுநாள் ஆடு கத்துகிற சத்தம் கேட்டு யாரோ இளையரசனேந்தலில் உயிரில்லாமல் கிடந்த அவரைக் கண்டுபிடித்தார்கள். நிழலுக்கு நாலு அடிதான் பாக்கி என்றார்கள்.

கடையநல்லூர் முகம்மது சாதிக்கும் ரேடியோக்காரர். காற்றில் வரும் ரேடியோச் செய்தியையெல்லாம் சேமித்து வைப்பார். நான் அனுப்பிய வரி நேரத்தோடு அவரிடம் இருக்கிறது. அதன் தலைப்பில் அரசாங்கம் எனக்குத் தந்த கால்சைன், எனக்கு மட்டுமான அடையாளக் குறி. அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள்.

கால்சைன் போடாமல் அனுப்பியிருக்கலாமே என்று உங்கள் ஏட்டு கேட்டார். அனுப்பலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அது சட்டவிரோதம், ஐயா. பதினெட்டு வருஷ லைசென்ஸில் ஒரு தப்புக் கிடையாது. அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.